மூன்றாவது வரி

நாலு தடவை எழுதி நாலையும் கிழித்துப் போட்ட பிறகு, ஐந்தாவது தடவை ஃபாயிஸா அந்த அழைப்பை இப்படி எழுதினாள்:

"சிரிக்க வைக்கும் ஹைக்கூ எழுதி அனுப்புங்கள். மூன்றே வரி. எதுகை மோனை கட்டாயமில்லை. அறிவுரை கண்டிப்பாக வேண்டாம். காதலியைத் தவிர்க்கவே முடியாது என்றால் மூன்றாவது வரியில் மட்டும் வரலாம். குற்றாலத்தில் குளித்தவர்களும் எழுதலாம், வரிசையில் நின்றுவிட்டுக் குளிக்காமல் திரும்பியவர்களும் எழுதலாம். பரிசு கிடையாது. பெயர் வரும்."

எபனேசர் அண்ணாச்சி அதை இரண்டு முறை படித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தென்காசி பஜாருக்குப் பின்னால் முப்பது வருஷமாக அச்சகம் நடத்துகிறவர் அவர். கல்யாணப் பத்திரிகையையும் கண்ணீர் அஞ்சலியையும் ஒரே முகத்தோடு படித்துப் பழகிவிட்டார்.

"பரிசு இல்லன்னா எவன் எழுதுவான்?"

"எழுதுவாங்க அண்ணாச்சி."

"எழுதாட்டா?"

"எழுதாட்டா பிளாட்டுக்காரனுக்குக் குடுத்திருங்க."

பேச்சு அப்படித்தான் முடிவானது. சீசன் தொடங்கி முடிகிறவரை சனிக்கிழமைதோறும் அண்ணாச்சி 'சீசன் செய்தி' என்று நாலு பக்கத் தாள் ஒன்றை அச்சடித்து பஸ் ஸ்டாண்டிலும் லாட்ஜுகளிலும் அருவிக்கரையிலும் இலவசமாகக் கொடுப்பார். எந்த அருவியில் எவ்வளவு தண்ணீர் என்பது இரண்டு வரி. மிச்சமெல்லாம் சிப்ஸ் கடை, மசாஜ் எண்ணெய், வாடகை அறை. கடைசிப் பக்கத்தை வருஷாவருஷம் எடுத்துக்கொண்ட லாட்ஜ்காரர் இந்த வருஷம் லாட்ஜையே மூடிவிட்டார். சுரண்டைப் பக்கம் பிளாட் போட்டு விற்கிற ஒருவர் அந்த இடத்தை சீசன் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் ஃபாயிஸா கேட்டுவிட்டாள். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் எட்டு ஹைக்கூ தேறினால் பக்கம் அவளுக்கு. ஏழு என்றால் பிளாட்டுக்கு.

ஃபாயிஸா அந்த அச்சகத்தில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அடிப்பதெல்லாம் 'நிகழும் மங்களகரமான' என்று ஆரம்பிக்கும். அல்லது 'எங்களை விட்டுப் பிரிந்த' என்று ஆரம்பிக்கும். நடுவில் கிடைக்கிற நேரத்தில் நூலகத்திலிருந்து எடுத்துவந்த மொழிபெயர்ப்பு நாவல்களைப் படிப்பாள். அவற்றில் எப்போதும் எங்கோ பனி பெய்துகொண்டிருக்கும். ஆளில்லாத ரயில் நிலையத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் யாருக்கோ காத்திருப்பார். அதைப் படித்துவிட்டு வெளியே பார்த்தால் தெருவில் விழுகிற சாரல் கொஞ்சம் வெள்ளையாகத் தெரியும். கத்தாரில் இருக்கும் வாப்பாவிடம் போனில், "அங்க குளிரா இருக்கா வாப்பா?" என்று கேட்பாள். "ஏசிக்குக் கீழ நின்னா குளிருது" என்பார் அவர்.

யாரோ முகம் தெரியாத மனிதர்கள் எழுதியதை எடுத்து, பொறுக்கி, ஒரு பக்கத்தில் அடுக்கி வைக்க வேண்டும். அந்தப் பக்கத்தை யாராவது பஸ்ஸில் படித்துவிட்டுத் தனக்குத்தானே சிரிக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காகக் குற்றாலம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஊறுகாய் ஜாடி ஒன்றை மூடியில் பிளவு போட்டு வைத்துவிட்டு வந்தாள். அந்த வாரத் தாளில் வந்த அழைப்புக்குக் கீழே வாட்ஸ்அப் நம்பரும் கொடுத்திருந்தாள்.

புதன்கிழமைக்குள் நாற்பத்து மூன்று வந்தன. முப்பதில் காதலி முதல் வரியிலேயே வந்துவிட்டாள். நாலைந்து பேர் புகைபிடிக்காதீர் என்றார்கள். ஒருவர் தன் லாட்ஜில் அறை காலி என்பதை மூன்று வரியாக மடக்கி எழுதியிருந்தார். ஆனாலும் தேறியவை தேறின. சங்கரநாராயணன் என்ற ஓய்வுபெற்ற கண்டக்டர் எழுதியிருந்தார்:

துண்டு போட்டு இடம் பிடித்தேன்
டீ குடித்து வருவதற்குள்
சுரண்டை போய்ச் சேர்ந்தது துண்டு.

இலத்தூரிலிருந்து சுஜிதா என்ற கல்லூரி மாணவி:

வெள்ளப் பெருக்கு, குளிக்கத் தடை
என்ற பலகையை வாசிக்கிறோம்
சொட்டச் சொட்ட நனைந்தபடி.

பெயர் மட்டும் போட்டு ஹம்தான் என்று ஒருவர்:

சாரலைக் காட்டச் சொன்னான்
சவூதியிலிருந்து மச்சான்.
போன் இப்போது சர்வீஸ் கடையில்.

மிஷின் ஓட்டும் விஜய்பாண்டி இதைப் படித்துவிட்டு, "இது கவிதையா? எங்க வீட்டுல நெசமாவே நடந்துச்சு" என்றான். ஃபாயிஸாவுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு தேவைப்படவில்லை.

ஏழு தேறிவிட்டது. எட்டாவதுதான் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் டீக்கடைக்காரர் ஜாடியில் கிடந்த கடைசிச் சீட்டுகளை பஸ் டிரைவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். அதில் ஒன்று 'சீசன் செய்தி'யின் ஓரத்தையே கிழித்து எழுதியது. எழுதியவர் கையிலோ வாங்கிப் போட்டவர் கையிலோ எண்ணெய் இருந்திருக்கிறது. தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மேலே 'ஹைருன் பீவி, லேடீஸ் ரூம், மெயின் அருவி' என்று பெயர் தெரிந்தது. கீழே இரண்டு வரி தெளிவாக இருந்தன.

அருவிக்குப் பத்தடி தூரத்தில்
ஊரார் சேலைக்குக் காவல் நான்

மூன்றாவது வரி எண்ணெயில் ஊறி நீலமாகப் படர்ந்து போயிருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். சாய்த்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு 'லை' மட்டும் தெரிந்தது.

மணி நாலேகால். ஆறு மணிக்கு மிஷின் ஓட வேண்டும். குற்றாலத்துக்கு பஸ்ஸில் இருபது நிமிஷம்தான். போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கலாம். மழை பலமாக இருந்தது என்று பிற்பாடு அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மழை அவ்வளவு பலமாக ஒன்றும் இல்லை. உண்மை என்னவென்றால், அந்த இரண்டு வரியையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தபோது மூன்றாவது வரி அவளுக்குத் தானாகவே வந்துவிட்டது. வந்த வரி அவளுக்குப் பிடித்தும் போனது.

மனசுக்குள் பனி பொழிகிறது.

தெரிந்த 'லை'யை எண்ணெய்க் கறை என்று வைத்துக்கொண்டாள். அருவிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், சுற்றிலும் சேலைகள், உள்ளே பனி. இதை மற்ற ஏழோடு சின்ன எழுத்தில் போட அவளுக்கு மனசு வரவில்லை. பக்கத்தின் நடுவில், இருக்கிறதிலேயே பெரிய எழுத்தில், இரண்டு பக்கமும் இலைக்கொடி போட்டு வைத்தாள். இது சிரிக்கிற ஹைக்கூவா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சிரிப்பிலே பல வகை உண்டு என்று சமாதானம் செய்துகொண்டாள்.

அந்த அச்சகத்தில் ஒரு சட்டம் உண்டு. அச்சடிக்கக் கொடுத்த பார்ட்டியின் கையெழுத்து இல்லாமல் மிஷின் ஓடாது. பல வருஷத்துக்கு முன்னால் ஆய்க்குடிக் கல்யாணம் ஒன்றின் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போய்விட்டது. மாமன் மண்டபத்து வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு வெளியே வந்து அவர் காலில் விழுந்தார்கள். மறுநாள் இரண்டு வீட்டாரும் சேர்ந்து அச்சகத்துக்கு வந்தார்கள். அன்றிலிருந்து புரூஃபில் கையெழுத்து வாங்கி ஃபைலில் கோத்து வைப்பது அண்ணாச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவது மாதிரி.

"எட்டுக்கும் வாங்கியாச்சா?" என்றார்.

ஏழு பேர் வாட்ஸ்அப்பில் ஓகே சொல்லியிருந்தார்கள். எட்டாவதின் ஓரத்தில் ஃபாயிஸா பென்சிலால் 'போனில் ஓகே' என்று எழுதி நீட்டினாள். எழுத்து குண்டு குண்டாக, அழகாக விழுந்தது. அதுதான் அவளுக்குப் பிறகு ஆச்சரியமாக இருந்தது.

அண்ணாச்சி எட்டையும் எண்ணினார். "சரி, பக்கம் ஒனக்கு" என்றார்.

சனிக்கிழமை தாள் போனது. ஞாயிறு முழுக்க அவளுடைய போன் மணியடித்துக்கொண்டே இருந்தது. துண்டு ஹைக்கூவை யாரோ போட்டோ எடுத்து பஸ் கண்டக்டர்களின் குரூப்பில் போட்டிருந்தார்கள். அன்று அவள் நாவலைத் திறக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலையில் ஒரு பெண்மணி குடையை மடக்கிக்கொண்டு அச்சகத்தின் படியேறினாள். ஐம்பது வயசிருக்கும். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கையிலிருந்த நீளமான கவர் ஒன்றை மேஜைமேல் வைத்தாள். உள்ளே கட்டம் போட்ட இளஞ்சிவப்புத் தாள்.

"இங்கன ஃபாயிஸாங்கிறது யாரு?"

"நாந்தான் மாமி. என்ன அடிக்கணும்?"

"அடிக்கதுக்கு ஒண்ணுமில்ல. இத நீ பாக்கணும்னு கொண்டாந்தேன்."

"என்ன மாமி இது?"

"ஈசிஜி" என்றாள் அந்த அம்மாள். "என் பேரு ஹைருன் பீவி."

மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்த விஜய்பாண்டி துணியைக் கீழே வைத்தான்.

"சனிக்கெழம மருமவன் ஒங்க பேப்பரக் கொண்டாந்து சத்தமாப் படிச்சான். 'மாமிக்கு நெஞ்சுக்குள்ள பனி பெய்யுதாமே'ன்னான். அவ்வளவுதான், எம் மவ அழ ஆரம்பிச்சிட்டா. நெஞ்சு சில்லுன்னு இருக்கத எங்கிட்ட மறச்சிட்டியளேம்மான்னு. எனக்கு ஒண்ணும் இல்லட்டின்னா கேக்கமாட்டேங்கா. ஆட்டோல தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டா. சட்டையக் கழட்டுங்காங்க, ஒயர மாட்டுதாங்க. டாக்டர் பிள்ள பாத்துட்டு, ஒண்ணுமில்லம்மா, நல்லாருக்குன்னு சொல்லுது. நல்லாருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

ஃபாயிஸா எழுந்து நின்றாள். "மாமி... எண்ணெ பட்டு அழிஞ்சிருந்துச்சு. மூணாவது வரி தெரியல."

"தெரியலன்னா எங்கிட்ட கேக்கணும். மெயின் அருவில லேடீஸ் ரூம் எங்கன இருக்குன்னு கொரங்குகூடச் சொல்லுமே."

"நீங்க என்ன எழுதியிருந்திய?"

ஹைருன் பீவி நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்: "அருவிக்குப் பத்தடி தூரத்தில், ஊரார் சேலைக்குக் காவல் நான், வீட்டுக் குழாயில் மூணு நாளா தண்ணி வரலை."

விஜய்பாண்டி வெடித்துச் சிரித்தான். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"பாத்தியா?" என்றாள் ஹைருன் பீவி. "சிரிக்கிய. எனக்கும் எழுதையில சிரிப்பு வந்துச்சு. ஆனா அதுக்கு மட்டும் எழுதல. நாங்க இருக்கது வாடக வீடு, வீட்டுக்காரரு மோட்டார் எரிஞ்சு கெடக்கு. சொன்னா நாளைக்கிங்காரு. அவரு ஒங்க பேப்பர ஒண்ணுவிடாமப் படிப்பாரு. இதப் பாத்தாலாவது வெக்கப்பட்டு சரி பண்ணுவாருன்னு நெனச்சேன். இப்ப என்னன்னா, பாக்கிறப்பல்லாம் 'ஒடம்பப் பாத்துக்கிடுங்க பீவியம்மா'ங்காரு. தண்ணியப் பத்தி பேச்சே இல்ல."

பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. எபனேசர் அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்து, எட்டாவது புரூஃபைப் பிரித்து மேஜைமேல் வைத்தார்.

"போனில் ஓகேன்னு எழுதியிருக்கே."

"எங்கிட்ட போனே கெடையாதே" என்றாள் ஹைருன் பீவி.

ஃபாயிஸா தன் பென்சில் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு அழகான கையெழுத்து. இருபது வருஷத்து ஃபைல்களில் பொய்யாக இருக்கிற ஒரே தாள் அதுவாகத்தான் இருக்கும்.

"நான்தான் எழுதினேன் அண்ணாச்சி" என்றாள். "வரியும் நான்தான் எழுதினேன்."

அண்ணாச்சி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் போனை எடுத்து ஏதோ நம்பரைத் தேட ஆரம்பித்தார். பிளாட்டுக்காரர் நம்பர்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது. எட்டு தேறவில்லை, ஏழுதான் தேறியது. பேச்சு அப்படித்தான் இருந்தது.

"சரி அண்ணாச்சி, அதெல்லாம் ஒங்களுக்குள்ள" என்றாள் ஹைருன் பீவி. "என் வரி என்ன ஆச்சு? அதுக்குத்தான் நான் வந்தது."

"திருத்தம் போடுவோம்மா. தப்பு எந்த எடத்துல வந்துச்சோ அதே எடத்துல, எந்த எழுத்துல வந்துச்சோ அதே எழுத்துல. அந்தத் தாய்மாமனுக்கும் அப்படித்தான் போட்டேன்." சொல்லிக்கொண்டே போன வாரத் தாளை எடுத்துப் பிரித்தார். அன்று எண்ணிக்கையைத்தான் பார்த்திருந்தார், அளவைப் பார்க்கவில்லை. பக்கத்தின் நடுவில், இருக்கிறதிலேயே பெரிய எழுத்தில், இலைக்கொடியோடு பனி பொழிந்துகொண்டிருந்தது. முக்கால் பக்கம்.

"ஏ பிள்ள, இவ்வளவு பெருசாவா போட்ட?"

"பிடிச்சிருந்துச்சு அண்ணாச்சி."

விஜய்பாண்டி எட்டிப் பார்த்தான். "அதே எழுத்துலன்னா பிளாட்டுக்கு எடம் இருக்காதே அண்ணாச்சி. அவுக விளம்பரத்துல வார தென்ன மரத்த மட்டுந்தான் போடலாம்."

அண்ணாச்சி அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இந்த வாரம் மட்டும்" என்றார் ஃபாயிஸாவிடம். "அம்மா, வீட்டுக்காரர் யாரு?"

"சிப்ஸ் கட லிங்கேஸ்வரன்."

முதல் பக்கத்தில் வாரந்தோறும் நேந்திரம் சிப்ஸ் விளம்பரம் போடுகிறவர் அவர். அண்ணாச்சி கொஞ்ச நேரம் முகவாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வரியில பேரு இல்லல்லா?"

"இல்ல."

"அப்ப போடு."

வியாழக்கிழமை ஃபாயிஸா புரூஃபை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு குற்றாலம் பஸ் ஏறினாள். மெயின் அருவிக்குப் பக்கத்தில் பெண்கள் உடை மாற்றும் அறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஹைருன் பீவி. சுவரோரம் பைகள், துண்டுகள், சேலைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண் அட்டை. அருவியின் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. இத்தனை நாள் கண்ணை மூடிக்கொண்டு தான் பார்த்த பெண்ணை ஃபாயிஸா இங்கே தேடிப் பார்த்தாள். அப்படி ஒருத்தி இல்லை. இருந்தவள் ஒரு சின்னப் பையனின் காதைப் பிடித்து, "இது பொம்பளைக எடம்லே, ஒங்கப்பன்கிட்ட ஓடு" என்று விரட்டிக்கொண்டிருந்தாள்.

"படி கேப்போம்" என்றாள் ஹைருன் பீவி.

ஃபாயிஸா கத்திப் படித்தாள். "திருத்தம். போன வாரம் இதே இடத்தில் வந்த ஹைக்கூவின் மூன்றாவது வரியை ஹைருன் பீவி எழுதவில்லை. அவர் மனசுக்குள் பனி எதுவும் பொழியவில்லை. ஈசிஜி நன்றாக இருக்கிறது. எண்ணெய் பட்டு அழிந்த வரியை அவரிடம் கேட்காமல் நானே எழுதிவிட்டேன். அவர் எழுதியது இதுதான்: அருவிக்குப் பத்தடி தூரத்தில், ஊரார் சேலைக்குக் காவல் நான், வீட்டுக் குழாயில் மூணு நாளா தண்ணி வரலை. இப்படிக்கு, ஃபாயிஸா."

துணி மாற்றிக்கொண்டு வந்த இரண்டு பெண்கள் நின்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஹைருன் பீவி தலையாட்டினாள்.

"எல்லாஞ் சரி. மூணு நாளுங்கிறது தப்பு."

"நீங்கதானே மாமி மூணுன்னு..."

"அது எழுதையில. இன்னைக்குப் பன்னெண்டு. நாலு வீடு தள்ளிப் போயி கொடம் தூக்குதேன்."

"மாத்தட்டுமா?"

"மாத்து. நாஞ் சொல்லுதேன்லா."

ஃபாயிஸா மூன்றை அடித்துவிட்டு அவள் கண்முன்னாலேயே பன்னெண்டு என்று எழுதினாள். ஹைருன் பீவி கையை முந்தானையில் இரண்டு முறை துடைத்துவிட்டு, பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். திரும்பும்போது பஸ் ஜன்னலில் சாரல் அடித்தது. ஃபாயிஸா கவரை துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள். அந்தச் சாரல் பனி மாதிரி இல்லை, மழை மாதிரிதான் இருந்தது.

சனிக்கிழமை தாள் போனது. திருத்தத்துக்குக் கீழே மிஞ்சிய கால் பக்கத்தில் அதே பழைய அழைப்பு, ஒரு வரி கூடுதலாக: 'ஈரக் கையோடும் எண்ணெய்க் கையோடும் எழுத வேண்டாம்.'

திங்கட்கிழமை பத்து மணிக்கு லிங்கேஸ்வரன் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, முகத்தில் கடுகடுப்பு. அண்ணாச்சி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"பேப்பரில என்னயப் போட்டிருக்கிய."

"பேரு இல்லயே அண்ணாச்சி" என்றார் எபனேசர்.

"பேரு எதுக்கு? குத்தாலத்தில பீவியம்மாவுக்கு எத்தன வீட்டுக்காரன்? சிப்ஸ் வாங்க வாரவன்லாம் தண்ணி வந்துட்டான்னு கேக்கான். திருநெல்வேலிக்காரன் கேக்கான். கேரளாக்காரன் 'வெள்ளம் வந்நோ'ன்னு கேக்கான்!"

"வந்துட்டா அண்ணாச்சி?" என்று விஜய்பாண்டி கேட்டுவிட்டான்.

"சனிக்கெழம ராத்திரியே வந்தாச்சு. அதுக்குத்தான் நான் வந்தது. எம் பக்கமும் ஒரு நியாயம் இருக்குல்லா? அதயும் போடணும்." சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து ஃபாயிஸாவிடம் நீட்டினார். "மூணு வரிதான். எண்ணிப் பாத்துட்டேன்."

சிப்ஸ் கட்டுகிற தாள். நேந்திரம் சிப்ஸின் எண்ணெய் ஊறி மஞ்சளாக மின்னியது. அதில் இரண்டு வரி தெரிந்தது.

மோட்டார் மெக்கானிக்குக்கு
இருபது தடவை போன் போட்டேன்

மூன்றாவது வரி இருந்த இடத்தில் ஒரு கறை. ஃபாயிஸா அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். அப்படிப் பிடிக்கும்போதே அவளுக்குள் ஒரு வரி மெல்லத் தலைநீட்டியது. நல்ல வரிதான். எங்கோ ஒரு ரயில் நிலையம், அடித்துக்கொண்டே இருக்கும் போன், எடுக்க ஆளில்லை. அண்ணாச்சி ஃபைலை மடிமேல் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபாயிஸா எண்ணெய்த் தாளை ஓரமாக வைத்தாள். மேஜையிலிருந்து காய்ந்த வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து லிங்கேஸ்வரன்முன் வைத்து, பேனாவைத் திறந்து கொடுத்தாள்.

"மூணாவது வரி எண்ணெயில போயிட்டு அண்ணாச்சி. என்னன்னு நீங்களே சொல்லுங்க."

லிங்கேஸ்வரன் இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். மேலே ஃபேனைப் பார்த்து யோசித்தார். பிறகு சொல்வதற்கு முன்பே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"'ஹைக்கூ படிச்சிட்டு அவனே வந்துட்டான்'" என்றார். "நல்லாருக்கா? ஏதாச்சும் மாத்தணுமா?"

"ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம்" என்றாள் ஃபாயிஸா. "கீழ ஒரு கையெழுத்து மட்டும் போட்டிருங்க."